வளையத்துக்கு மேலே ஒருவன் – 6: விரல் நீளும் திசை

முதல் நாள் பயிற்சியில் பந்து கைக்கு வரவில்லை. கையில் கிடைத்தது ஒரு ஜோடி சாக்ஸ்தான்.

1965, இலையுதிர் காலம். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் யு.சி.எல்.ஏ. வளாகம். பள்ளிக் கூடைப்பந்தில் பேர் வாங்கிவிட்டு வந்த பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே ஐம்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதர். மூக்குக் கண்ணாடி, படிய வாரிய தலை, பார்த்தால் ஆங்கில வாத்தியார் போலத் தோற்றம். உண்மையிலேயே பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்தான். பயிற்சியாளர் ஜான் வுடன் குனிந்து தன் ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார். பிறகு நிதானமாக, ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, சாக்ஸை மாட்டுவது எப்படி என்று காட்டினார். சுண்டுவிரல் பக்கம் சுருக்கம் இருக்கக் கூடாது. குதிகாலில் மடிப்பு விழக் கூடாது. சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் பயிற்சி கெடும். ஒருவன் பயிற்சி கெட்டால் ஐந்து பேரின் ஆட்டமும் கெடும்.

பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?

அவர்களில் ஒருவன் உட்கார்ந்திருந்தபோதே மற்றவர்கள் நிற்கிற உயரம். சென்ற வாரம் அவனை நாம் விட்ட இடம் நினைவிருக்கும். 1965 மே 4. நியூயார்க், பவர் மெமோரியல் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம். ஏழடி தாண்டிய பதினெட்டு வயதுப் பையன் பத்திரிகைக்காரர்கள் முன்னால் எழுந்து நின்று, தேசம் முழுக்க வலைவீசிக்கொண்டிருந்த கல்லூரிகளுக்கெல்லாம் ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னான். யு.சி.எல்.ஏ.வுக்குப் போகிறேன். லூ அல்சிண்டர். பின்னாளில் உலகம் கரீம் அப்துல் ஜப்பார் என்று அறியப்போகிறவன். பள்ளியில் தொடர்ச்சியாக 71 ஆட்டங்கள் தோற்காத அணியின் தூண்.

அவனை எல்லோரும் லூ என்று கூப்பிட்டார்கள். வுடன் மட்டும் முழுப் பெயரைச் சொல்லி, லூயிஸ் என்பார். இந்தத் தொடரை எழுத உட்கார்ந்தபோது என்னை முதலில் நிறுத்திய விவரம் இதுதான். ஊரே அண்ணாந்து பார்க்கிற ஒரு பையனை, வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரலில் கூப்பிட ஒருவர் இருந்தார்.

இரண்டாவது பாடம் விரலைப் பற்றியது. கூடை போட்டவன் தனக்குப் பாஸ் கொடுத்தவனைப் பார்த்து விரல் நீட்ட வேண்டும். அல்லது தலையசைக்க வேண்டும், கண்ணாலாவது சொல்ல வேண்டும். புள்ளி என் கணக்கில் ஏறினாலும் வழி திறந்தவன் நீ என்று அரங்கம் முழுக்கத் தெரிய வேண்டும். நான் விரல் நீட்டுகிற நேரத்தில் அவன் என்னைப் பார்க்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பையன் கேட்டானாம். கட்டாயம் பார்ப்பான் என்றார் வுடன். மனிதர்களை நன்றாகப் படித்தவர்.

இந்த விரலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயம் முடிவதற்குள் அது இன்னொரு பக்கம் திரும்பும்.

அந்த நாட்களில் ஒரு விதி இருந்தது. முதலாமாண்டு மாணவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் கல்லூரியின் முதன்மை அணியில் ஆட முடியாது. புதியவர்களுக்கென்று தனி அணி, தனி ஆட்டங்கள். மூத்தவர்களோ 1964, 1965 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் தேசியச் சாம்பியன்கள். வரப்போகும் பருவத்திலும் அவர்களுக்குத்தான் முதலிடம் என்று பத்திரிகைகள் எழுதி முடித்திருந்தன.

1965 நவம்பர் 27. வளாகத்தின் புத்தம் புதிய அரங்கமான பாலி பெவிலியன் அன்று திறக்கப்படுகிறது. வுடனைக் கௌரவிக்கும் இரவு அது. விழாவுக்கு அழகு சேர்க்கப் புதியவர்கள் அணிக்கும் சாம்பியன்களுக்கும் ஓர் ஆட்டம் வைத்திருந்தார்கள்.

75–60. ஜெயித்தது புதியவர்கள் அணி.

லூ 31 புள்ளிகள் எடுத்தான். 21 ரீபவுண்டுகள். நாட்டின் முதல்தர அணி, தன் சொந்த அரங்கின் திறப்பு விழாவில், தன் கல்லூரியின் முதலாமாண்டுப் பையன்களிடமே தோற்றது. அந்தப் பையன்கள் பிறகு 21 ஆட்டங்கள் ஆடி 21-லும் ஜெயித்தார்கள். மூத்தவர்கள் அந்தப் பருவத்தை 18 வெற்றி, 8 தோல்வி என்று முடித்தார்கள். தேசியப் போட்டிக்குத் தகுதியே பெறவில்லை.

அந்த இரவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் லூவைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் ஒரு நிமிடம் மறுபக்கம் போகிறேன். அந்த மூத்தோர் அணியைச் சேர்ந்தவன் எட்கர் லேசி. லாஸ் ஏஞ்சலஸ் ஜெஃபர்சன் பள்ளியிலிருந்து வந்த ஃபார்வர்டு. இரண்டு வருடங்களுக்கு முன்னால் கல்லூரிகள் துரத்தித் துரத்திக் கேட்ட பையன் அவன்தான். 1965 சாம்பியன் அணியில் ரீபவுண்டுக்கு நம்பி நின்ற கை அவனுடையது. ஒரே இரவில் அந்த அரங்கின் வெளிச்சம் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. அவனை அப்படியே அங்கே நிறுத்திவிட்டு வருகிறேன். திரும்பவும் அவனிடம் போக வேண்டியிருக்கும்.

லூவின் முதல் வருடம் தனிமையில் கழிந்தது. பத்திரிகைக்காரர்கள் அவனை நெருங்கக் கல்லூரி அனுமதிக்கவில்லை. பாதுகாப்புக்காகத்தான் செய்தார்கள். சுவர் எந்த நோக்கத்துக்காக எழுப்பப்பட்டாலும் உள்ளே இருப்பவனுக்கு அது சுவர்தான். நியூயார்க் பொதுப் போக்குவரத்துத் துறையில் காவலராக வேலை பார்த்த, டிராம்போன் வாசிப்பதில் தேர்ந்த ஓர் அப்பாவின் ஒரே பிள்ளை அவன். ஜாஸ் கேட்டு வளர்ந்தவன், நிறையப் படிக்கிறவன். கலிபோர்னியாவின் வெயிலும் சிரிப்பும் அவனுக்கு ஒட்டவில்லை. நிறத்தைப் பார்த்து விலகுகிறவர்கள் அங்கேயும் இருந்தார்கள். ஒரு கட்டத்தில் அவனும், அவனோடு புதியவர்கள் அணியில் ஆடிய லூசியஸ் அல்லனும் இங்கிருந்து கிளம்பி மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடலாமா என்று பேசிக்கொண்டார்கள். போயிருந்தால் இந்தத் தொடரே வேறு மாதிரி ஆகியிருக்கும். போகாமல் இருந்ததற்குப் பின்னால் ஒரு முன்னாள் ஆட்டக்காரரும் ஒரு பணக்காரரும் இருக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பணக்காரரின் பெயர் கல்லூரிக்கு மாறாத கறையாக வந்து சேரும். அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

1966-ல் அவன் முதன்மை அணிக்கு வந்தான். வுடனுக்கு இப்போது ஒரு சிக்கல். அதுவரை அவர் குள்ளர்களை வைத்து ஜெயித்தவர். கூடைப்பந்துக் கணக்கில் குள்ளர்கள். 1964-ல் ஒரு தோல்வியும் இல்லாமல் 30 ஆட்டங்களை வென்ற அணியில், ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் ஆறடி ஐந்து அங்குலத்தைத் தாண்டியவன் ஒருவனும் கிடையாது. ஓட்டம், விடாத நெருக்குதல், எதிரிக்கு மூச்சு வாங்கும்போது அடிப்பது. இதுதான் அவர் வித்தை. தாக்குதலுக்கு அவர் பல பத்தாண்டுகளாகப் போற்றிவந்த ஓர் அமைப்பு இருந்தது. உயரமானவனை வளையத்திலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தி, அவனைச் சுற்றி மற்றவர்கள் ஓடுகிற அமைப்பு. லூவை அங்கே நிறுத்தினால் யானையைக் கட்டி வைத்துவிட்டு வண்டியை ஆட்கள் இழுப்பதுபோல ஆகிவிடும்.

வுடன் அந்த அமைப்பைத் தூக்கி ஓரமாக வைத்தார். லூவை வளையத்தின் அருகிலேயே நிறுத்தி, அவனைச் சுற்றி ஆட்டத்தைப் புதிதாகக் கட்டினார். ‘அணிதான் முதல்’ என்று சொல்கிற பயிற்சியாளர்கள் நிறையப் பேர். அந்த அணிக்காகத் தன் பழக்கத்தை விட்டுக்கொடுக்கிறவர்கள் எத்தனை பேர்? பையனிடம் கேட்பதற்கு முன்னால் அவர் தன்னிடமிருந்து எடுத்துக் கொடுத்தார். எனக்கு வுடன் மேல் இருக்கிற மரியாதையில் பாதி இந்த இடத்தில் வந்தது.

அதன் பிறகுதான் அவனைக் கேட்டார். லூயிஸ், உன்னைக் கல்லூரிக் கூடைப்பந்தின் புள்ளிச் சாதனைகளையெல்லாம் உடைக்கிறவனாக ஆக்க என்னால் முடியும், ஆனால் அப்படி ஆடினால் நாம் சாம்பியன் ஆக மாட்டோம் என்று சொன்னார். அவன் தயங்கவில்லை. எனக்கும் அது வேண்டாம் என்றான்.

இந்தப் பதிலை அவன் அன்றைக்குக் கண்டுபிடிக்கவில்லை. நியூயார்க்கில் பள்ளிப் பயிற்சியாளர் ஜாக் டோனஹு அவனை மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு அனுப்பி, பில் ரஸலைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று சொன்ன நாளிலிருந்தே அது அவனுக்குள் இருந்தது. அப்போது கூடைப்பந்தில் இரண்டு மலைகள். புள்ளிகளைக் கொட்டிய வில்ட் சேம்பர்லின் ஒன்று. தடுப்பதையும் பாஸையும் வைத்துக் கோப்பைகளைக் குவித்த ரஸல் மற்றொன்று. பையன் ரஸலைத் தேர்ந்தெடுத்திருந்தான். அதே டோனஹு ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் உதிர்த்த இனவெறிச் சொல் அவன் நெஞ்சில் ஆறாத காயமாக இருந்தது. ஆனாலும் அவர் காட்டிய ஆட்டம் மட்டும் அவனிடம் தங்கிவிட்டது.

முதல் ஆட்டம், 1966 டிசம்பர் 3. எதிரே அதே ஊரின் போட்டிக் கல்லூரி, தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம். லூ 56 புள்ளிகள் எடுத்தான். கல்லூரியின் பழைய சாதனை அன்றோடு காலி. புள்ளி வேண்டாம் என்றவன் முதல் நாளே இப்படி ஆடினால் அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம்?

அதே பருவத்தின் வேறு சில எண்களைப் பாருங்கள். வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு எதிராக அவன் தனியாக 61. அதே குளிர்காலத்தில் ஆரிகன் அணி பந்தை வைத்துக்கொண்டு ஆடாமலேயே நேரத்தைக் கடத்தியபோது, யு.சி.எல்.ஏ. மொத்தமாக எடுத்தது 34, ஆரிகன் 25. ஒரு நாள் வாசல் திறந்திருந்தது, போனான். இன்னொரு நாள் அவன் மேல் மூன்று பேர் விழுந்தார்கள். பந்தை வெளியே எறிந்தான். மூலையில் இடது கையால் வானத்துக்கு எறிவதுபோல உயரமாக எறியும் லின் ஷாக்கல்ஃபோர்டு நிற்பான். மேலே லூசியஸ் அல்லனும் மைக் வாரனும். எந்தப் பக்கம் போனாலும் கூடைதான். அந்தப் பருவம் முழுக்க அவன் எறிந்ததில் மூன்றில் இரண்டு பங்கு கூடையில் விழுந்தது. தேவையில்லாமல் எறியாதவனுக்கே அந்தக் கணக்கு அமையும்.

30 ஆட்டங்கள், 30 வெற்றிகள். 1967 மார்ச்சில் லூயிவில் நகரில் இறுதியாட்டத்தில் டேட்டன் அணியை 79–64 என்று முடித்தார்கள். லூ எடுத்தது 20 புள்ளிகள். 56-லும் 61-லும் ஆடிக் காட்டியவன், கோப்பையின் இரவில் 20-ல் நின்றான். அதற்கு மேல் அணிக்குத் தேவைப்படவில்லை.

அதற்கு முந்தைய ஆட்டமான அரையிறுதியில் ஹூஸ்டன் தோற்றது, 73–58. அந்த அணியின் எல்வின் ஹேய்ஸ் லூவைவிட அதிகப் புள்ளிகள் எடுத்தான், அதிக ரீபவுண்டுகளும் எடுத்தான், ஆனாலும் தோற்றான். அந்தக் கணக்கு ஹேய்ஸ் மனதில் முள்ளாகத் தங்கியது.

கோப்பை வந்த சில நாட்களில் இன்னோர் அடி விழுந்தது. இனி கல்லூரி ஆட்டங்களில் டங்க் கிடையாது என்றது விதிக்குழு. வளையத்துக்கு மேலே கையை உயர்த்திப் பந்தை உள்ளே திணிப்பது லூவுக்கு மூச்சு விடுவதுபோல. அதைத்தான் தடை செய்தார்கள். யாருக்காக அந்த விதி என்று ஊருக்கே தெரியும். வுடன் அவனிடம் இது உன்னை இன்னும் நல்ல ஆட்டக்காரன் ஆக்கும் என்றார். அவனும் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கையை முழுக்க நீட்டி, உச்சியிலிருந்து மணிக்கட்டால் மெல்ல விடுகிற வீச்சைத் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கினான். ஸ்கை ஹுக். அடுத்த இருபது ஆண்டுகள் உலகத்தில் யாராலும் தடுக்க முடியாமல்போன அந்த ஆயுதத்துக்கு ஊர் சேர்ந்து சாணை பிடித்துக் கொடுத்தது.

அந்த ஜூன் மாதம் கிளீவ்லாண்டில், போருக்குப் போக மறுத்த குத்துச்சண்டை வீரர் முகமது அலியோடு ஒரு மேசையில் உட்கார்ந்தவர்களில் மிக இளையவன் அவன். வயது இருபது. அதற்கு ஒரு தனி அத்தியாயம் வேண்டும்.

இனி லேசியிடம் போகலாம்.

முழங்கால் காயத்தால் 1966–67 பருவம் முழுவதையும் வெளியே உட்கார்ந்து கழித்தான் லேசி. அந்த 30 வெற்றிகளில் ஒன்றிலும் அவன் இல்லை. 1967-ன் முடிவில் திரும்பி வந்தபோது அது அவன் விட்டுவிட்டுப் போன அணி இல்லை. அவன் பழகிய ஆட்டம் ஓட்டமும் திறந்த வெளியும் கொண்டது. இப்போது எல்லாப் பாதைகளும் நடுவிலே நிற்கிற ஒருவனை நோக்கிப் போயின. அவனுடைய கடைசி வருடம் வேறு.

நான் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய நட்சத்திரம் தன்னைச் சுருக்கிக்கொண்டான் என்று எழுதும்போது நமக்குக் கண் கலங்குகிறது. லூ உண்மையாகவே விட்டுக்கொடுத்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 29 புள்ளிச் சராசரியிலிருந்து 26-க்கு இறங்குகிறவனுக்குப் பேரும் மிஞ்சுகிறது, கோப்பையும் கிடைக்கிறது. பன்னிரண்டு புள்ளி எடுக்கிறவனிடம் அணிக்காக விட்டுக்கொடு என்று கேட்டால், அவனிடம் என்ன மிஞ்சும்? லூ அந்த அணிக்குள் எப்படிப் பொருந்தினான் என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறோம். அவன் பொருந்துவதற்காக யாரெல்லாம் இடம் மாறி உட்கார்ந்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

1968 ஜனவரி 12. பெர்க்லியின் கலிபோர்னியா அணியோடு ஆட்டம். வளையத்தின் அடியில் நடந்த மோதலில் ஒரு கை லூவின் இடது கண்ணைக் கீறிவிட்டது. கருவிழியில் காயம். கட்டுப்போட்டு இருட்டு அறையில் படுக்க வைத்தார்கள். அடுத்த இரண்டு ஆட்டங்களில் அவன் இல்லை. ஆனால் எட்டே நாளில் வரப்போவது சாதாரண ஆட்டம் இல்லை. ஹூஸ்டன். எல்வின் ஹேய்ஸ். அதுவும் கூடைப்பந்து அரங்கத்தில் இல்லை, ஆஸ்ட்ரோடோம் என்கிற கூரை போட்ட பிரம்மாண்ட மைதானத்தில்.

ஜனவரி 20, சனிக்கிழமை இரவு. 52,693 பேர். கூடைப்பந்துக்கு அப்படி ஒரு கூட்டம் அதுவரை அமெரிக்காவில் கூடியதில்லை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மரத்தளத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து மைதானத்தின் நடுவில் விரித்திருந்தார்கள். நான்கு பக்கமும் வெட்டவெளி, அதற்கப்பால் எங்கோ ரசிகர்கள். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. யு.சி.எல்.ஏ. 47 ஆட்டங்களாகத் தோற்கவில்லை.

லூ ஆட வந்தான். ஒரு வாரம் வெளிச்சம் படாத கண்ணோடு, ஓடிப் பழகாத காலோடு. பதினெட்டு முறை எறிந்தான். நான்குதான் விழுந்தது. மூன்றில் இரண்டு விழுகிற கை அது. மறுபக்கம் ஹேய்ஸ் முதல் பாதியில் மட்டும் 29 புள்ளிகள் எடுத்துவிட்டான். அவனைக் காக்கும் பொறுப்பு எட்கர் லேசியிடம் இருந்தது. பாதி முடிவதற்குள் வுடன் லேசியை வெளியே எடுத்தார்.

இரண்டாம் பாதியில் யு.சி.எல்.ஏ. மெல்ல மெல்ல எட்டிப் பிடித்தது. லேசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தான். கூப்பிடவில்லை. கடைசி நிமிடத்தில் அல்லன் இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டு 69–69 ஆக்கினான். 28 விநாடி மிச்சம் இருக்கும்போது ஹேய்ஸுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. ஃப்ரீ த்ரோவில் அவன் கெட்டிக்காரன் இல்லை. அன்றைக்கு இரண்டும் விழுந்தது. 71–69. கடைசிப் பந்து ஷாக்கல்ஃபோர்டை நோக்கிப் போனபோது, தவறே செய்யாதவன் என்று பேரெடுத்த மைக் வாரனின் கை பட்டு வெளியே போனது.

முடிந்தது. 47-க்குப் பிறகு ஒரு தோல்வி. ஹேய்ஸ் 39, லூ 15.

ஆட்டத்துக்குப் பின் பத்திரிகைக்காரர்கள் வுடனிடம் லேசியைப் பற்றிக் கேட்டார்கள். திரும்ப உள்ளே போக அவனுக்கே விருப்பம் இல்லை என்று தமக்குத் தோன்றியதாக அவர் சொன்னார். பாஸ் கொடுத்தவனை நோக்கி விரலை நீட்டச் சொல்லிக்கொடுத்தவரின் விரல், தோல்வியின் இரவில் ஒரே ஒருவனை நோக்கி நீண்டது. அவர் அந்த அர்த்தத்தில் சொல்லாமல் இருந்திருக்கலாம். லேசி அதை அச்சில் படித்தான்.

சில நாட்களில் லேசி அணியை விட்டு விலகினான். அந்த மனிதரிடம் ஆடியதில் தனக்கு என்றைக்கும் மகிழ்ச்சி இருந்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் இன்னொரு சாம்பியன் பட்டத்துக்கு வாய்ப்பு இருந்தது. அவன் பொறுக்கவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பயிற்சிக் கூடத்தில் லூ தன் அலமாரிக் கதவில் ஒரு பத்திரிகை அட்டையை ஒட்டினான். ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டடு. அட்டையில் ஹேய்ஸ் பந்தை எறிகிறான். அவனைத் தடுக்க முடியாமல் கீழே நிற்கிறவன் லூ. உடை மாற்ற வரும்போதெல்லாம் அந்தப் படம் கண்ணில் பட்டது.

ஹூஸ்டனை அவர்கள் மறுபடியும் சந்திக்கத்தான் போகிறார்கள். மார்ச் 22, அரையிறுதி, இந்த முறை லாஸ் ஏஞ்சலஸில். ஹேய்ஸை யார் காப்பது? லேசி போய்விட்டான். லூ வளையத்தை விட்டு வெளியே வந்தால் பின்னால் வீடு திறந்து கிடக்கும். துணைப் பயிற்சியாளர் ஜெர்ரி நார்மன் வுடனிடம் ஒரு யோசனையைக் கொண்டுபோனார். வழக்கமாக வுடன் ஏற்காத வகை யோசனை. நான்கு பேர் வைர வடிவில் நிற்க, ஐந்தாமவன் ஒருவன் மட்டும் ஹேய்ஸின் நிழல்போல அவன் போகிற இடமெல்லாம் போக வேண்டும்.

அந்த ஐந்தாமவன் லூ இல்லை. அணியின் வேகமான கால்கள் அல்லனும் வாரனும், அவர்களும் இல்லை. நார்மன் சொன்ன பெயரைக் கேட்டதும் வுடன் யோசனையில் ஆழ்ந்தார்.

(தொடரும்)